கத்தோலிக்க விசுவாசத்தை இணையத்தில் படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் பெற்றோரும் இளைஞர்களும் கைப்பேசியை நீட்டிக் கேட்கும் கேள்விகள் இவை. "இது உண்மையா, இதை நம்பலாமா?" என்பதுதான் பெரும்பாலும் கேள்வியாக இருக்கும். என் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: இதைச் சொன்னவர் யார், அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர், அது எந்த ஏட்டில் எத்தனையாவது எண்ணில் இருக்கிறது என்று பாருங்கள்.

எங்கே தொடங்குவது? கூகுளில் தேடினால் ஆயிரம் தளங்கள் வருகின்றன.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் (ஆங்கிலத்தில் 'கேட்டகிசம்') தொடங்குங்கள். திருத்தந்தை (போப்) இரண்டாம் ஜான் பால் 1992இல் அதை வெளியிட்டார். செம்மைப்படுத்தப்பட்ட இலத்தீன் பதிப்பு 1997இல் வந்தது. வத்திக்கானின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் ஆங்கிலம் உட்படப் பல மொழிகளில் முழுவதையும் இலவசமாகப் படிக்கலாம். அந்தத் தளத்தின் முகவரி 'டாட் விஏ' என்று முடியும். அது வத்திக்கான் நாட்டுக்கே உரிய முகவரி என்பதால் வெளியார் யாரும் அதை வாங்க முடியாது.

நூலில் 2865 பத்திகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். நம்பிக்கை அறிக்கை, அருளடையாளங்கள், கட்டளைகளின்படி வாழும் வாழ்வு, செபம் என்று நான்கு பகுதிகள். இந்த எண்கள்தான் உங்களுக்குப் பெரிய துணை. உலகத்தில் எந்த மொழியில் எந்தப் பதிப்பை எடுத்தாலும் எண் மாறாது. "திருச்சபை இப்படித்தான் சொல்கிறது" என்று யாராவது அடித்துச் சொன்னால், "எத்தனையாவது எண்?" என்று கேட்டுவிடலாம்.

முதல் எண்ணிலிருந்து வரிசையாகப் படிக்க உட்காராதீர்கள். பலர் அப்படித் தொடங்கி முதல் வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். மனதில் இருக்கும் கேள்வியோடு உள்ளே போங்கள். பிள்ளைக்குத் திருமுழுக்கு வைத்திருக்கிறீர்களா, 1213இலிருந்து படியுங்கள். நற்கருணை என்றால் 1322. கல்யாணம் நிச்சயமாகியிருந்தால் 1601. செபிக்க வரவில்லை என்று வருத்தமா, 2558இலிருந்து தொடங்கும் நான்காம் பகுதியைப் படியுங்கள். என்னைக் கேட்டால் முழு நூலிலும் அழகான பகுதி அதுதான்.

அவ்வளவு படிக்க நேரமில்லை என்பவர்களுக்கு 2005இல் பதினாறாம் பெனடிக்ட் வெளியிட்ட சுருக்கம் இருக்கிறது. 598 கேள்வி பதில்கள். அந்தக் காலத்து ஞானோபதேசப் புத்தகம் போலவே கேள்வி, உடனே பதில். அதுவும் அதே தளத்தில் இருக்கிறது.

எனக்கு ஆங்கிலம் ஓடாது. தமிழில் என்ன இருக்கிறது?

வத்திக்கான் செய்திகள் தளத்துக்குத் தமிழ்ப் பிரிவே உண்டு. திருத்தந்தையின் மூவேளை செப உரை, புதன் மறைக்கல்வி உரை, பயணங்கள் எல்லாம் தமிழில் வருகின்றன. தமிழக ஆயர்களின் வார இதழ் 'நம் வாழ்வு'. இலங்கை வாசகர்களுக்கு யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் 'பாதுகாவலன்' இருக்கிறது. 1876 முதல் வரும் பத்திரிகை அது.

விவிலியத்தில்தான் பலர் இடறுகிறார்கள். நம் பூசைகளில் வாசிப்பது 1995இல் வெளியான திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கரும் மற்றத் திருச்சபையாரும் சேர்ந்து உருவாக்கியது. கத்தோலிக்கப் பதிப்பில் பழைய ஏற்பாட்டில் 46, புதிய ஏற்பாட்டில் 27, மொத்தம் 73 நூல்கள். ஆனால் கைப்பேசியில் 'தமிழ் பைபிள்' என்று தேடிப் பதிவிறக்கும் பல செயலிகளில் மற்றச் சபையார் பயன்படுத்தும் பழைய மொழிபெயர்ப்புதான் இருக்கும், 66 நூல்கள்தான் இருக்கும். இறந்தவர்களுக்கான பூசையில் 2 மக்கபேயர் 12ஆம் அதிகாரத்தை வாசிக்கக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து செயலியில் தேடினால் அந்த நூலே இருக்காது. "நம்ம சாமி பைபிளில் இல்லாததையா வாசித்தார்?" என்று குழம்பியவர்கள் உண்டு. பதிவிறக்கும் முன் பொருளடக்கத்தில் தோபித்து, யூதித்து, சீராக்கின் ஞானம், மக்கபேயர் இருக்கின்றனவா என்று பாருங்கள். பொது மொழிபெயர்ப்பு தமிழ் விக்கிமூலத்திலும் இருக்கிறது.

ஆங்கிலப் பக்கத்தைக் கூகுள் மொழிபெயர்ப்பில் போட்டுப் படிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். சாரம் தெரிந்துகொள்ளப் போதும். அதை வைத்து யாரோடும் வாதம் செய்யப் போகாதீர்கள்.

ஒரு தளம் உண்மையிலேயே கத்தோலிக்கத் தளமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெயரையும் படங்களையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். திருச்சபைச் சட்டம் 216, தகுதியுள்ள திருச்சபை அதிகாரியின் இசைவு இல்லாமல் எந்த முயற்சியும் 'கத்தோலிக்க' என்ற பெயரைப் பூணக்கூடாது என்கிறது. ஆனால் ஒருவர் அந்தப் பெயரில் இணையதளம் தொடங்கினால் தடுக்க அங்கே காவல்காரர் இல்லை. ஆகவே சோதிப்பது நம் வேலை.

'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தை முதலில் திறங்கள். நடத்துவது மறைமாவட்டமா, துறவற சபையா, ஆயர் பேரவையின் பணிக்குழுவா, தனி ஆளா? பெயரும் ஊரும் இருக்கின்றனவா? தனி ஆள் நடத்துவது தப்பில்லை. நல்ல பொதுநிலையினர் பலர் அருமையாக எழுதுகிறார்கள். ஆனால் யார் என்றே சொல்லாமல் "மறைக்கப்பட்ட உண்மைகள்" என்று எழுதுகிறவரிடம் ஞானத்தைத் தேட வேண்டாம்.

அடுத்து, இப்போதைய திருத்தந்தையைத் திருத்தந்தை என்று ஏற்கிறார்களா என்று பாருங்கள். சில தளங்கள் நம் பங்குத் தளத்தைவிடக் கத்தோலிக்கமாகத் தெரியும். இலத்தீன் செபங்கள், பழைய புனிதர் படங்கள், செபமாலை எல்லாம் இருக்கும். இரண்டு பக்கம் உள்ளே போனால், 1958இல் பன்னிரண்டாம் பயஸ் இறந்த பிறகு உண்மையான போப்பே கிடையாது, இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65இல் உலக ஆயர்கள் கூடிய பேரவை) செல்லாது என்று எழுதியிருப்பார்கள். செபம் தேடி உள்ளே போகிற எளிய மக்கள் இதில் மாட்டிக்கொள்வது எனக்கு மிகுந்த வேதனை தரும் விஷயம்.

இன்னொரு சின்னச் சோதனை. மறைக்கல்வி நூலை வைத்திருக்கும் தளத்தில் 2267ஆம் எண்ணைத் திறந்து பாருங்கள். மரண தண்டனை பற்றிய இந்தப் பத்தியைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2018இல் மாற்றினார். மரண தண்டனை ஏற்றுக்கொள்ள முடியாதது என்று இப்போது அது சொல்கிறது. பழைய வாசகமே இருந்தால் அந்தத் தளத்தை யாரும் புதுப்பிக்கவில்லை, அல்லது வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய அச்சுப் பிரதிக்கும் இது பொருந்தும்.

புத்தகத்தின் முதல் பக்கத்தில் 'அச்சிடலாம்' என்று ஆயர் பெயரோடு இருக்கிறதே, அது என்ன?

விசுவாசத்துக்கோ ஒழுக்கத்துக்கோ முரணானது அந்த நூலில் இல்லை என்று ஆயர் தரும் அனுமதி. மறைக்கல்வி நூல்களுக்கு இது கட்டாயம். நூலாசிரியரின் ஒவ்வொரு கருத்தையும் ஆயர் வழிமொழிகிறார் என்று அர்த்தமில்லை. இணையக் கட்டுரைகளுக்குப் பொதுவாக இப்படி ஒரு முத்திரை இருக்காது.

மாதா காட்சி, இரகசியச் செய்தி, மூன்று நாள் இருள் என்று வாட்ஸ்அப்பில் வருபவற்றை என்ன செய்வது?

மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள். அது முதல் வேலை.

இயேசு கிறிஸ்துவில் வெளிப்பாடு நிறைவடைந்துவிட்டது, பிறகு வரும் தனி வெளிப்பாடுகள் எதையும் அதோடு கூட்டுவதில்லை என்று மறைக்கல்வி 67ஆம் எண் சொல்கிறது. திருச்சபை ஏற்ற காட்சிகள் கூட, நம்பியே தீர வேண்டியவை அல்ல. அவை நற்செய்தியை வாழ உதவும் துணைகள்.

2024 மே மாதம் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை இதற்குப் புது நெறிமுறைகளைத் தந்தது. 1978இன் பழைய நெறிமுறைகளுக்குப் பதிலாக வந்தவை. ஒரு நிகழ்வை ஆராய்ந்து ஆயர் ஆறு வகைத் தீர்ப்புகளில் ஒன்றை அறிவிக்கலாம். மேலானது 'தடையில்லை' என்பது. அதற்குக் கூட, அந்த நிகழ்வு இயற்கைக்கு அப்பாற்பட்டது என்று திருச்சபை உறுதி சொல்வதாகப் பொருள் இல்லை. மக்கள் அங்கே தாராளமாகச் செபிக்கலாம், நல்ல கனிகள் தெரிகின்றன என்றுதான் பொருள். அதே ஆண்டு செப்டம்பரில், மாதா காட்சிகளுக்குப் பேர்போன போஸ்னிய ஊரான மெட்ஜுகோரியேவுக்குக் கிடைத்தது இதுதான். "மெட்ஜுகோரியே காட்சிகளை வத்திக்கான் உண்மை என்று ஒப்புக்கொண்டது" என்று சுற்றிவந்த செய்திகள் பாதியைத்தான் சொல்லின.

நமக்கு நெருக்கமான ஒன்றும் அதே ஆண்டில் நடந்தது. வேளாங்கண்ணித் திருத்தலம் பற்றி 2024 ஆகஸ்ட் 1 தேதியிட்டு இதே துறை தஞ்சாவூர் ஆயருக்கு ஒரு கடிதம் எழுதியது. தாகத்துக்குப் பால் கொடுத்த சிறுவன், மோர் விற்ற கால் ஊனமுற்ற பையன், புயலிலிருந்து தப்பிய போர்ச்சுகீசியக் கப்பற்காரர்கள் என்று நாம் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்த நிகழ்ச்சிகள் அதில் வருகின்றன. பிற சமயத்தார் கூட்டம் கூட்டமாக அங்கே வருவதை மதக் கலப்பு என்று பார்க்கக்கூடாது என்றும், அந்த இடத்தில் தூய ஆவியார் செயல்படுகிறார் என்றும் கடிதம் சொல்கிறது. வத்திக்கான் தளத்தில் இருக்கிறது, நீளமும் இல்லை. ஆவணியில் கொடியேற்றத்துக்குப் போகுமுன் குடும்பமாக உட்கார்ந்து ஒருமுறை படியுங்கள். ஒரு பக்தி முயற்சியைத் திருச்சபை எவ்வளவு கனிவோடும் கவனத்தோடும் பார்க்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், "பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வரும், அனுப்பாவிட்டால் கெட்டது நடக்கும்" என்ற வகை. உள்ளத்தை விட்டுவிட்டு வெளிச் செயலுக்கே சக்தி இருப்பதாக நம்புவதை மறைக்கல்வி 2111ஆம் எண் மூடநம்பிக்கை என்கிறது. மேலே அந்தோணியார் படம் இருந்தாலும் அது மூடநம்பிக்கைதான்.

"போப் இப்படிச் சொல்லிவிட்டார்" என்று செய்தி வருகிறது. எப்படிச் சரிபார்ப்பது?

வத்திக்கான் தளத்தில் ஒவ்வொரு திருத்தந்தைக்கும் தனிப் பகுதி உண்டு. மறையுரை, மூவேளை செப உரை, புதன் உரை, சுற்றுமடல் என்று வகைவாரியாக, ஆண்டுவாரியாக அடுக்கியிருப்பார்கள். செய்தியில் தேதி இருந்தால் அந்த நாளின் உரையைத் திறந்து பாருங்கள். தேதியும் இடமும் இல்லாத மேற்கோள் என்றால், பொய் என்றே வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

2025 மே மாதம் பதினான்காம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்ட சில வாரங்களுக்குள், அவர் பேசவே பேசாத உரையைச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கி யூடியூபில் போட்டார்கள். புர்கினா ஃபாசோ நாட்டுத் தலைவருக்கு அவர் பதில் சொல்வது போல ஒரு வீடியோ. முகமும் குரலும் இருந்தாலும் நம்ப முடியாத காலம் இது.

முழுப் பொய்யைவிட அதிகமாகக் குழப்புவது அரைகுறைத் தலைப்பு. 2025 நவம்பர் 4 அன்று மரியாவின் பட்டப்பெயர்கள் பற்றி விசுவாசக் கோட்பாட்டுத் துறை ஒரு குறிப்பு வெளியிட்டது. 'இணை மீட்பர்' என்ற பட்டத்தைப் பயன்படுத்துவது பொருத்தமில்லை, மீட்பர் கிறிஸ்து ஒருவரே என்று அது சொன்னது. உடனே "மாதா பக்தியை வத்திக்கான் குறைத்துவிட்டது" என்று ஒரு பேச்சு கிளம்பியது. அந்த ஏட்டைத் திறந்தால் தலைப்பே மரியாவை நம்பிக்கை கொண்ட மக்களின் தாய் என்கிறது. உள்ளே நம் தாயின் அன்பு, பரிந்துரை, மக்கள் அவரிடம் காட்டும் பாசம் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. செபமாலையை யாரும் நம் கையிலிருந்து வாங்கிக்கொள்ளவில்லை.

மற்ற சபை நண்பர்கள் மாதாவையும் சுரூபத்தையும் பற்றிக் கேட்கிறார்கள். வாயடைத்துப் போகிறேன்.

சரி, இதைச் சேர்ந்தே தேடிப் பார்ப்போம்.

யூடியூபில் தேடினால் இரண்டு பக்கமும் கத்தல்தான் கிடைக்கும். மறைக்கல்வி நூலில் முதல் கட்டளைக்குப் போங்கள். 2112 முதல் 2114 வரை சிலைவழிபாடு என்ன, ஏன் பாவம் என்று சொல்கிறது. நண்பர் சொல்வதில் உள்ள நியாயம் அங்கேயே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு 2129 முதல் 2132 வரை படியுங்கள். சிலை செய்யாதே என்று கட்டளையிட்ட கடவுளே உடன்படிக்கைப் பேழைமேல் கெருபுகளையும் பாலைநிலத்தில் வெண்கலப் பாம்பையும் செய்யச் சொன்னார் என்று அங்கே குறிப்பு இருக்கும். அடிக்குறிப்பைப் பிடித்து விடுதலைப் பயணம் 25, எண்ணிக்கை 21, யோவான் 3 மூன்றையும் திறந்து வாசியுங்கள். 787இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் இதே கேள்விக்குப் பதில் சொன்னதும் அங்கேயே வருகிறது. உருவத்துக்குத் தரும் வணக்கம் அந்த உருவம் காட்டும் ஆளைச் சேர்கிறது, ஆராதனையோ கடவுளுக்கு மட்டுமே உரியது.

மரியாவுக்கு 971. நாம் அவருக்குத் தரும் தனிப்பட்ட வணக்கம் கடவுளுக்குச் செலுத்தும் ஆராதனையிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது என்று தெளிவாக எழுதியிருக்கிறது.

இதை ஒரு மாலைப் பொழுதில் படித்துவிடலாம். வாதத்தில் ஜெயிப்பதற்காகப் படிக்காதீர்கள். அடுத்த முறை அந்தோணியார் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும், அந்த நிம்மதிக்காகப் படியுங்கள்.

பெரிய கத்தோலிக்கக் கலைக்களஞ்சியம் ஒன்று இணையத்தில் இருக்கிறதே, அதை நம்பலாமா?

நியூ அட்வென்ட் என்ற தளத்தில் இருப்பதைச் சொல்கிறீர்கள். புனித தாமஸ் அக்குவினாசின் பெருநூலும் திருச்சபைத் தந்தையரின் எழுத்துகளும் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. பெரிய புதையல். ஆனால் அந்தக் கலைக்களஞ்சியம் 1907க்கும் 1912க்கும் இடையில் வெளிவந்தது. வரலாறு, புனிதர், பழைய சங்கங்கள் என்றால் தாராளமாகப் படிக்கலாம். இன்றைய ஒழுங்குகளுக்கு அதை நம்பக்கூடாது.

நன்மை (நற்கருணை) வாங்குமுன் எவ்வளவு நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்று அதில் தேடினால் நள்ளிரவிலிருந்து என்று இருக்கும். பன்னிரண்டாம் பயஸ் 1957இல் அதை மூன்று மணி நேரமாக்கினார். ஆறாம் பவுல் 1964இல் ஒரு மணி நேரமாகக் குறைத்தார். இன்றைய சட்டம் 919 அதையே சொல்கிறது. தண்ணீரும் மருந்தும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். தகனமும் அப்படித்தான். முன்பு தடை, 1963இல் அனுமதி. 2016இல் வந்த அறிவுறுத்தல், சாம்பலை ஆற்றிலோ கடலிலோ கரைக்கக்கூடாது, புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்றது. துக்க வீட்டில் நின்றுகொண்டு பழைய பக்கத்தைக் காட்டி ஒரு குடும்பத்தின் மனதைப் புண்படுத்திவிடாதீர்கள்.

அமெரிக்கத் தளங்களில் திருநாள், ஒறுத்தல் விதிகள் வேறாக இருக்கின்றனவே?

விசுவாசம் ஒன்றுதான். நாட்காட்டியையும் ஒறுத்தல் முறைகளையும் அந்தந்த நாட்டு ஆயர் பேரவை ஓரளவு தீர்மானிக்கலாம். ஜூலை 3, புனித தோமா நாள், இந்தியாவில் பெருவிழா. அமெரிக்க நாட்காட்டியில் விழா மட்டுமே. கீழை வழிபாட்டு முறையைப் பின்பற்றும் கேரளத்துச் சீரோ மலபார் திருச்சபையின் தளத்தைப் பார்த்தால் வழிபாட்டு ஆண்டே வேறு; அவர்களும் முழுக் கத்தோலிக்கர்தான். கடன் திருநாள் (பூசைக்குக் கட்டாயம் போக வேண்டிய நாள்) எது என்ற கேள்விக்கு உங்கள் மறைமாவட்ட அறிவிப்பைப் பாருங்கள்.

சாட்ஜிபிடி போன்றவற்றிடம் விசுவாசக் கேள்விகள் கேட்கலாமா?

தேட உதவும் கருவியாக வைத்துக்கொள்ளலாம். "இதைப் பற்றி மறைக்கல்வியில் எந்த எண்களில் இருக்கிறது?" என்று கேளுங்கள். எண் வந்ததும் நீங்களே திறந்து பாருங்கள். இல்லாத எண்ணையும் சொல்லாத மேற்கோளையும் கூசாமல் தரும்.

2024 ஏப்ரலில் அமெரிக்காவின் கத்தோலிக் ஆன்ஸர்ஸ் என்ற நல்ல அமைப்பே இதில் அடிபட்டது. 'ஃபாதர் ஜஸ்டின்' என்று குருவின் உடையில் ஒரு செயற்கை நுண்ணறிவு உருவத்தை அறிமுகப்படுத்தினார்கள். அது தன்னை உண்மையான குரு என்று சொல்லிக்கொண்டு பாவமன்னிப்பும் வழங்கத் தொடங்கியது. சில நாட்களிலேயே குரு உடையைக் கழற்றி வெறும் ஜஸ்டின் ஆக்கினார்கள். நல்லெண்ணம் இருந்தும் இப்படி நடந்தது.

யூடியூபில் பாவசங்கீர்த்தனம், ஆன்லைன் திருமுழுக்கு என்றெல்லாம் வருகிறதே?

இணையத்தில் அருளடையாளங்கள் இல்லை. 2002இல் வத்திக்கான் வெளியிட்ட 'திருச்சபையும் இணையமும்' என்ற ஏடு இதை ஒரே வரியில் சொல்லிவிட்டது. நோயாளிகள் நேரலைப் பூசை பார்த்துச் செபிப்பது நல்லது. கைப்பேசி வழியாகப் பாவமன்னிப்பு கிடையாது. முன்பின் தெரியாத பக்கத்துக்குப் பூசைக் கருத்துக்காகப் பணம் அனுப்பவும் வேண்டாம். பங்கு அலுவலகத்தில் கொடுங்கள்.

நான் கத்தோலிக்கன் அல்ல. படிக்கப் படிக்க ஆர்வம் வருகிறது. யாரிடம் போவது?

பக்கத்துக் கத்தோலிக்கக் கோயிலின் பங்குத்தந்தையிடம் போங்கள். ஞாயிறு பூசை முடிந்த நேரம் பெரும்பாலும் கூட்டமாக இருக்கும், வார நாளில் மாலைப் பூசைக்குப் பிறகு போனால் உட்கார்ந்து பேசலாம். "விசுவாசத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்திருக்கிறேன்" என்று சொன்னால் போதும். யாரும் அன்றே கையெழுத்துக் கேட்கமாட்டார்கள். பெரியவர்களுக்கென்று படிப்படியான தயாரிப்பு உண்டு. வழக்கமாக அது பாஸ்கா திருவிழிப்பு இரவில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின இரவில், திருமுழுக்கோடு நிறைவடையும். எவ்வளவு காலம் என்பதை உங்கள் நிலையைப் பார்த்துச் சொல்வார்கள். வேறு சபையில் தண்ணீரால், தந்தை மகன் தூய ஆவியின் பெயரால் ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றிருந்தால் மறுபடி கொடுக்கமாட்டார்கள். அந்தச் சான்றிதழ் வீட்டில் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.